திருக்கோணமலையில் நான்கு நாள்: எப்போது வரலாம், என்ன பார்க்கலாம்?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாள் திருக்கோணமலைக்கு வர இருக்கிறோம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், முழங்கால் வலியுள்ள மாமியாரும் கூட வருகிறார், கடற்கரையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குள் இரண்டு கவலை இருப்பதாக எனக்குப் படுகிறது. இவ்வளவு செலவழித்து வந்தும் பிள்ளைகள் கடலில் இறங்க முடியாமல் போய்விடுமோ என்பது ஒன்று. எல்லாரும் தண்ணீரில் நிற்க, மாமியார் ஹோட்டல் அறையில் தனியே இருக்க வேண்டி வருமோ என்பது மற்றது. நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். வருகிறவர்களைக் கடலிலும் தரையிலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வழிகாட்டி வேலைதான் பல வருடங்களாக எனக்குச் சீவனம். இரண்டு கவலைக்கும் தனித்தனியே பதில் சொல்கிறேன்.

முதலாவதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசி எங்கள் கடலுக்குரிய காலம் அல்ல. இலங்கைக்கு வர டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது காலி, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ போன்ற தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்குப் பொருந்தும். கிழக்குக் கரைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மழை கொட்டும் அதே பருவத்தில்தான் இங்கும் கொட்டும். ஒரே வாடைதான் இரண்டு கரையிலும் அடிக்கிறது. நவம்பரும் டிசம்பரும் அதன் உச்சம். இடையில் இரண்டு நாள் வெயில் எறிக்கலாம், வானம் நீலமாகவும் இருக்கலாம். ஆனாலும் கடல் கலங்கியே கிடக்கும், அலை கரையை அரித்துக்கொண்டிருக்கும், கரையோரத்தில் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளைக் கடலில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மே பிறந்தால் நிலைமையே வேறு. தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் வரும்போது ஈரம் வற்றிய வறண்ட காற்றாக வரும். கச்சான் என்று இங்கே சொல்வது அதைத்தான். வெயில் சுடும், ஆனால் காலையில் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தங்கள் கரை கொந்தளிக்கத் தொடங்கியதும் வலையோடு இங்கே வந்து, கடற்கரையில் வாடி, அதாவது குடில் போட்டுத் தங்கித் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். செப்டெம்பர் முடிய அவர்கள் திரும்பிவிடுவார்கள். எங்கள் கடலைப் பற்றி ஹோட்டல் விளம்பரம் சொல்வதைவிட அந்த வாடிகள் சொல்வதை நான் நம்புவேன். உங்கள் பிள்ளைகளின் மே மாத விடுமுறை இந்தக் காலத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. பயணத்தை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள் என்பதே என் முதல் யோசனை. ஓகஸ்டிலும் கடல் நன்றாகவே இருக்கும், ஆனால் வார இறுதிகளில் உள்ளூர்க் கூட்டம் அதிகம், அறை வாடகையும் ஏறும்.

அந்த நல்ல காலத்திலும் ஓர் ஆபத்து உண்டு. இதைப் பெற்றோர் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் சமமாக, பயமில்லாததாகத் தெரியும். பிள்ளை காற்றடைத்த மெத்தையிலோ வளையத்திலோ ஏறி மிதந்தால், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற தகப்பன் ஒருதரம் கரைப்பக்கம் திரும்பிக் கதைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் அது எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும். வெளியே போகப் போகக் காற்றுக்குத் தடை இல்லாததால் வேகமும் கூடும். பிறகு நீந்திப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கே கடினம். ஆகவே நிலாவெளி, உப்புவெளி என்ற எங்கள் இரண்டு கடற்கரைகளிலும் காற்றடைத்த சாமான் எதுவும் வேண்டாம். உடம்போடு இறுகக் கட்டிய லைஃப் ஜாக்கெற் போதும். அதையும் கட்டிய பிறகு தோள்ப் பக்கத்தில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் காதுவரை ஏறி வந்தால் அது அளவில்லை, சின்னது கேட்டு வாங்குங்கள். சிறியவர் நிம்மதியாகத் தண்ணீரில் விளையாட வேண்டுமானால் சீனக்குடாப் பக்கம் விமானப்படை நடத்தும் மார்பிள் பீச்சுக்குக் கூட்டிப்போங்கள். கட்டணம் உண்டு. குடாவுக்குள் ஒதுங்கிய கரை என்பதால் திறந்த கடலின் வேகம் அங்கே இல்லை.

கடலில் இறங்குகிறவர்களுக்கு இந்த ஊரின் பெரிய பேறு புறாமலைதான். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறையும் பற்றையுமாக இருக்கும் தீவு. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு வைப்பதால் அந்தப் பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கட்டணம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, போட் கூலி தனி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பன்மடங்கு கூட, அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள். முதல் போட்டிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பிக் கடல் சிலும்பும், கூட்டமும் சேரும். தீவின் கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே பவளப்பாறை தொடங்குகிறது. கண்ணாடி மாட்டி முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம் நறநறவென்று காதில் விழும். செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் ஆழமில்லாத இடத்திலேயே திரியும். துரத்தாமல் விட்டால் அவை ஆட்களை நெருங்குவதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பவளத்தில் கால் வைக்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். கிளைவிடும் பவளம் ஒரு வருடத்தில் சில அங்குலமே வளரும். மூச்சுக்குழாயில் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்கிற ஒரு கால் பல வருட வளர்ச்சியை முறித்துவிடுகிறது. புறாமலையில் கரையோரப் பவளம் பல இடங்களில் செத்துச் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. கடல் சூடாவதும் ஒரு காரணம், மிதிபடுவதும் ஒரு காரணம். முதலாவதற்கு நாங்கள் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாவதை நிறுத்தலாம். ஆகவே முதல் நாள் உப்புவெளியில் மணல் தரையில் மூச்சுக்குழாய் பழகிவிட்டு, மறுநாள் தீவுக்குப் போங்கள். முதுகுக்கு வெயில் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுவது உங்களுக்கும் பவளத்துக்கும் நல்லது.

திமிங்கிலம் பார்க்கப் போகலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கரைக்கு மிகக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இந்தப் பக்கம் வருவது உண்மை. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை காண வாய்ப்பு அதிகம். ஆனால் கட்டாயம் காட்டுவேன் என்று சொல்லிக் காசு வாங்குகிறவரை நம்பாதீர்கள். அந்த வாக்குறுதியை யாராலும் கொடுக்க முடியாது. மாமியாரையும் சிறியவரையும் இதற்குக் கூட்டிப்போக வேண்டாம், மணிக்கணக்காகச் சின்னப் போட்டில் குலுங்குவது இடுப்பையும் முழங்காலையும் வருத்தும்.

இனி மாமியாரின் பக்கம். உண்மையில் இந்த ஊர் அவருக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறது. திருச்சிக்காரருக்குச் சொல்லவே வேண்டியதில்லை: ஆதிசேடனும் வாயுவும் பலம் பார்த்தபோது மேருவிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டுகளே திருக்காளத்தி, திரிசிரமலை, திருக்கோணமலை என்பது புராணம். தாயுமானவர் மலையடியில் வாழ்கிறவர் கோணேசர் மலைக்கு வருவது உறவுக்காரர் வீட்டுக்கு வருவதுதான். சுவாமிமலை என்று நாங்கள் இங்கே சொல்லும் பாறை கடலுக்குள் ஏறத்தாழ 350 அடி செங்குத்தாக இறங்குகிறது. அதன் உச்சியில் கோயில். சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். ஓட்டோ கோட்டை வாசலுக்குள்ளால் மேலே வரை போகும். கடைசியில் சிறிது தூரம்தான் ஏற்றமும் படியும், மெதுவாக ஏறலாம். மத்தியானம் நடை சாத்துவார்கள், வெயிலில் சுடுகிற தரையில் வெறுங்காலோடு நடப்பதும் கஷ்டம். ஆகவே விடியவோ பின்னேரமோ போங்கள். கோட்டைக்குள் புள்ளிமான்கள் வழியோரத்தில் படுத்திருக்கும், சின்னவர் அதிலேயே மயங்கிவிடுவார்.

போகிற அவசரத்தில் எல்லாரும் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். கோட்டை வாசலில் ஓட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தி, வாசல் சுவரின் கல்லைப் பாருங்கள். பாண்டியரின் இணைக்கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் தெரியும். போர்த்துக்கேயர் 1620களில் மலையிலிருந்த பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கோயிலின் துண்டு ஒன்று, அதை இடித்தவனுடைய வாசலிலேயே இன்றும் நிற்கிறது. 1950இல் நகரத்தில் கிணறு தோண்டும்போது, மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். 1963இல் இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இவை எல்லாம் உறுதி. பழைய கோயிலுக்கு ஆயிரம் தூண் இருந்தது, இராவணன் வாளால் வெட்டியதே அந்தப் பாறைப் பிளவு என்பவை ஐதிகம். ஐதிகத்தை ஐதிகமாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அதன் அழகு குறைந்துவிடாது. கடலடிக் கற்களைப் பார்க்க ஆசைப்பட்டால், முறையாக ஸ்கூபா பழகியவர் மட்டும் இறங்கலாம்.

கன்னியா வெந்நீரூற்று நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில், அநுராதபுரம் வீதியில் இருக்கிறது. தாயின் அந்தியேட்டிக்காக, அதாவது இறந்தபின் செய்யும் கிரியைக்காக இராவணன் உண்டாக்கினான் என்பது கதை. அடுத்தடுத்து ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறு. இறங்கி அமிழ்ந்து குளிக்கும் இடம் அல்ல இது. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. முழங்கால் வலி மாறும் என்று அங்கே சிலர் சொல்வார்கள். வெந்நீர் ஊற்றினால் சற்று இதமாக இருக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். இறந்தவருக்குக் கிரியை செய்ய வரும் குடும்பங்களை அங்கே காணலாம், அவர்களைப் படம் எடுக்காதீர்கள். அதே வீதியால் மேலும் போய் உள்ளே திரும்பினால் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. அணையா விளக்கும் பசுக்களும் கொடையாகத் தந்த செய்தி அங்கே தமிழ்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. கூட்டமே இல்லாத இடம். சைவம் ஒரு பக்கம், பௌத்தம் மறு பக்கம் என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் ஒருதரம் நின்று வாசிக்க வேண்டிய கற்கள் அவை.

நகரத்திலிருந்து நிலாவெளி போகும் வீதியில் பொதுநலவாய யுத்தக் கல்லறை இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. மூத்த பிள்ளைக்குச் சரித்திரத்தில் விருப்பம் இருந்தால் அரை மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள். ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து, அடக்கமானது இந்த நகரத்துப் பழைய கல்லறையில். துறைமுகம் உலகில் எத்தனையாவது பெரியது என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள், அந்த வரிசையை நான் நம்புவதில்லை. எந்தப் பருவத்திலும் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழமும் அடைப்பும் உள்ளது என்பது உறுதி. இந்த ஊரை நாலு ஐரோப்பிய அரசுகள் மாறிமாறிப் பிடித்ததற்கு அதுவே காரணம். கடற்படை முகாம் இருக்கும் பக்கங்களில் படம் எடுக்கக் கூடாது.

பட்டியல்களில் வராத ஒன்று கரைவலை. உப்புவெளி அல்லது நிலாவெளியில் தங்கினால் ஒருநாள் விடிய எழும்பிக் கரையில் நடந்து பாருங்கள். போட் வலையை அரைவட்டமாகப் போட்டுவிட்டு வந்திருக்கும். இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் வரிசையாகப் பிடித்து, குதிக்காலை மணலில் ஊன்றி, ஓர் அடி ஓர் அடியாகப் பின்னே வருவார்கள். முன்பு அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள், இப்போது அது குறைவு, இயந்திரத்தால் இழுப்பவர்களும் உண்டு. கடைசியில் மடி கரையைத் தொடும்போது அந்த இடமே வெள்ளியாகத் துள்ளும்: நெத்தலி, சூடை, கீரி, நடுவில் ஒன்றிரண்டு கணவாய். பிள்ளைகளைக் கயிறு பிடிக்க விடச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பவர்களை நான் காணவில்லை. மாமியாருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தால் அவர் இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்ப்பார். மீன் வாங்கினால் தங்கும் விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறும் மீன் குழம்பும் தருகிற சின்னக் கடைகளே ஹோட்டல்களைவிட நல்லவை. நண்டுக்கும் கணவாய்ப் பிரட்டலுக்கும் உறைப்புக் கூட, பிள்ளைகளுக்கு என்று முன்னமே சொல்லுங்கள். கந்தளாய்ப் பக்கம் வீதியோரத்தில் மண்முட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள், கித்துள் பனைப் பாகோடு வாங்குங்கள்.

டிக்கெற் எடுத்தாயிற்று, மாற்ற வழியில்லை என்றால் டிசம்பரிலும் வரலாம், கடலை மறந்துவிட்டு வாருங்கள். மார்கழித் திருவாதிரைக்கு முந்திய நாட்கள் எங்களுக்குத் திருவெம்பாவைக் காலம். வருடத்துக்கு வருடம் நாள் மாறும், டிசம்பரிலோ ஜனவரி முற்பகுதியிலோ வரும். உங்கள் நாட்களோடு பொருந்துகிறதா என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். கோயில்களில் விடியற்காலைப் பூசையும் ஓதலும் இருக்கும். நகர நடுவிலுள்ள பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குப் படியேற்றம் இல்லாமல் மாமியார் போய்வரலாம். மழைக்குப் பிறகு கன்னியாப் பக்கம் பச்சையாக இருக்கும், வெந்நீரும் குளிருக்கு இதம். மழை விடாமல் பெய்தால் ஒரு நாளை முழுதாக இழக்கவும் நேரும். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தையே தள்ளிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாக வாகனத்தில் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலும் உண்டு, ஆனால் முழங்கால் வலியுள்ளவருக்கு வாகனமே நல்லது. நாலு நாளில் வந்து போகிற இரண்டு நாள் பாதியாகிவிடும். ஆகவே கடல் நல்ல காலத்தில் வந்தால் புறாமலைக்கு ஒரு காலை, கோணேசர் கோயிலுக்கு ஒரு பின்னேரம், கன்னியாவுக்கும் வெல்கத்துக்கும் ஒரு காலை என்று மூன்றை மட்டும் உறுதியாக வைத்து, மற்றதைக் காற்றுக்கும் பிள்ளைகளின் களைப்புக்கும் விட்டுவிடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே பொழுதுபட்ட பிறகு யானைகள் வீதிக்கு வரும். கொழும்பில் காலையிலேயே வெளிக்கிட்டு, அந்தக் காட்டுப் பகுதியை வெளிச்சத்திலேயே கடந்துவிடும்படி சாரதியிடம் முதலே சொல்லி வையுங்கள்.